சமய வகுப்பும் பெற்றோர் சம்மதமும்

தஞ்சை மாவட்டத்துச் சுவாமிமலைப் பிள்ளைக்கு முருகன் கதையைப் பள்ளிக்கூடம் சொல்லித்தர வேண்டியதில்லை. கோயிலின் அறுபது படிகளை ஏறி முடிப்பதற்குள் அப்பாயி சொல்லிவிடுவார்: பிரணவத்துக்குப் பொருள் தெரியாத பிரம்மனைச் சிறைவைத்த பாலகன், தகப்பனுக்கே குருவானது இந்த ஊரில்தான். வீட்டிலோ கோயிலிலோ தேவாலயத்திலோ மதரஸாவிலோ பிள்ளைகள் சமயம் கற்கத் தடையில்லை. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு வரம்பு கட்டியிருக்கிறது.

முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாது; பெற்றோர் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டாலும் கூடாது. உதவிபெறும் பள்ளியும் அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியும் நடத்தலாம். ஆனால் பெற்றோர் சம்மதிக்காமல் ஒரு பிள்ளையை அந்த வகுப்பிலோ வழிபாட்டிலோ உட்காரவைக்க முடியாது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிக்கும் இதுவே விதி. "சேத்தாச்சு, இனி அவங்க சொல்றதுதான்" என்று பெற்றோர் பலர் இருந்துவிடுகிறார்கள். சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் அதில் சமய வகுப்புக்குச் சம்மதம் கேட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

பொங்கல், கிறிஸ்துமஸ், ரம்ஜான் பற்றி ஆசிரியர் பாடம் எடுத்தால் அது போதனை ஆகாது. எல்லா மதங்களைப் பற்றியும் அறிவாகச் சொல்லித்தரலாம் என்று 2002-இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. நம்பச் சொல்வதும் வணங்க வைப்பதும்தான் வேறு.

2024-இல் சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளியில் வெளியிலிருந்து வந்த பேச்சாளர் ஒருவர், உடற்குறை முற்பிறவிப் பாவத்தின் பலன் என்ற பொருளில் பேசினார். பார்வைத்திறன் இழந்த ஆசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து மறுத்தார். பேச்சாளர் பிறகு கைதானார். அங்கே கேட்டவர்கள் வளர்ந்த மாணவிகள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை எழுந்து கேட்குமா? டீச்சர் சொன்னது அப்படியே மனதில் இறங்கிவிடும். சாமி தண்டிக்கும் என்ற பயமும், நீ மட்டும் வெளியே நில் என்ற அவமானமும் அந்த வயதில் பெரிய காயம். மன உளைச்சல் தருவதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடுக்கிறது.

பள்ளி இந்த வரம்பை மீறினால், முதலில் தலைமையாசிரியரிடம் புகாரை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். அரசுப் பள்ளியிலும் சிறுபான்மையினர் நடத்தாத உதவிபெறும் பள்ளியிலும் மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மை; அங்கே பேசுங்கள். அடுத்தது வட்டாரக் கல்வி அலுவலர். 14417 கல்வித்துறையின் உதவி எண். பிள்ளையை மிரட்டினால் குழந்தைகள் உதவி எண் 1098. எதுவும் நடக்காவிட்டால் தஞ்சை மாவட்டத்தாருக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது.