சிரைவழி இரும்பு மருந்தால் ஏற்படும் எலும்பு நலிவு

சிரைவழி இரும்பு மருந்தால் ஏற்படும் எலும்பு நலிவு என்பது, இரத்தசோகைக்காகச் சிரையில் ஏற்றப்படும் சில இரும்பு மருந்துகள் இரத்தத்தில் பாஸ்பேட்டைக் குறைப்பதால் எலும்பு வலுவிழக்கும் அரிதான பக்கவிளைவு ஆகும். 1980களின் தொடக்கத்தில் சப்பானில், சர்க்கரை சேர்ந்த ஃபெரிக் ஆக்சைடு மருந்தைத் தொடர்ந்து பெற்றவர்களிடம் இது அறியப்பட்டது. தற்போது பெரிதும் ஃபெரிக் கார்பாக்சிமால்ட்டோஸ் மருந்துடன் தொடர்புபடுத்தப்படுகிறது.

ஏற்படும் விதம்

எலும்புச் செல்கள் சுரக்கும் எஃப்.ஜி.எஃப்-23 என்னும் இயக்குநீர், சிறுநீர் வழியே பாஸ்பேட்டை வெளியேற்றுகிறது. உயிர்ச்சத்து டி செயல்படு வடிவம் பெறுவதையும் குறைக்கிறது. இரும்புச்சத்துக் குறைவின்போது இது மிகுதியாக உருவானாலும், பெரும்பகுதி சிதைக்கப்பட்டு விடுகிறது. மேற்கண்ட மருந்துகள் இச்சிதைவைத் தடுப்பதாகக் கருதப்படுகிறது.

பெரியவர்களின் இரத்தத்தில் பாஸ்பேட் பொதுவாக டெசிலிட்டருக்கு 2.5 முதல் 4.5 மி.கி. வரை இருக்கும். 2020இல் வெளியான இரு அமெரிக்க ஆய்வுகளில், ஃபெரிக் கார்பாக்சிமால்ட்டோஸ் பெற்றவர்களில் சுமார் 74 விழுக்காட்டினருக்கு இது 2 மி.கி.க்கும் கீழே சென்றது. ஃபெரிக் டெரிசோமால்ட்டோஸ் பெற்றவர்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்கே அவ்வாறானது. பெரும்பாலோருக்கு இக்குறைவு சில வாரங்களில் தானே சரியாகிவிடும். குடல் அழற்சி, ஓயாத இரத்தப்போக்கு போன்றவற்றுக்காக மருந்தைத் திரும்பத் திரும்பப் பெறுவோருக்கே எலும்பு பாதிப்புறும் வாய்ப்பு மிகுதி.

அறிகுறிகள்

எலும்புவலி, தசைத் தளர்ச்சி, கடுஞ்சோர்வு ஆகியன தோன்றும். விலா, பாதம், இடுப்பு எலும்புகளில் நுண்முறிவுகள் காணப்படலாம். சோர்வு இரத்தசோகைக்கும் உரிய அறிகுறி என்பதால், அதே மருந்தை மீண்டும் ஏற்றி நிலையை மோசமாக்கும் ஆபத்து உண்டு.

தமிழ்நாட்டில்

2018இல் தொடங்கிய இரத்தசோகையற்ற இந்தியா திட்டம், தேவைப்படும் கர்ப்பிணிகளுக்கு இரும்பு சுக்ரோஸ் அல்லது ஃபெரிக் கார்பாக்சிமால்ட்டோஸை அனுமதிக்கிறது. இரும்பு சுக்ரோஸால் பாஸ்பேட் குறையும் வாய்ப்பு ஃபெரிக் கார்பாக்சிமால்ட்டோஸைவிடக் குறைவு.

தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் பெண்கள் பலர் நெடுநேரம் தரையில் அமர்ந்து பீடி சுற்றுகின்றனர். இத்தகையோருக்கு மருந்தால் வரும் வலி, வேலையால் வந்த வலி எனத் தவறாகக் கருதப்படக்கூடும். மருந்து ஏற்றிக்கொண்டதை மருத்துவரிடம் கூறுவது இதனால் இன்றியமையாதது.

கண்டறிதலும் மருத்துவமும்

2020 நவம்பரில் ஐக்கிய இராச்சியத்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இம்மருந்தை அதிக அளவில் பலமுறை பெறுவோருக்குப் பாஸ்பேட் சோதனை தேவை என அறிவுறுத்தியது. உட்கொள்ளும் பாஸ்பேட் சிறுநீரில் வெளியேறிவிடுவதால், அதை மட்டும் கொடுப்பது பெரும்பாலும் போதுவதில்லை. காரணமான மருந்தை நிறுத்தி வேறு இரும்பு மருந்துக்கு மாற்றுவதே முதன்மையான தீர்வாகும்.