பெரிய கண்ணும் சிறிய கண்ணும்

சென்ற மாதம் மட்டக்களப்பிலிருந்து ஒரு மாணவரின் கடிதம் வந்தது. ஆசிரியப் பயிற்சி பெற்றுவருபவர். காலஞ்சென்ற அவருடைய பெரியப்பாவின் அலுமாரியிலிருந்து லைக்கா எம்-2 கமரா ஒன்று அவர் கைக்கு வந்திருக்கிறது. கமரா மாத்திரந்தான், வில்லையைக் காணோம். "35 மில்லிமீற்றர் அகல்கோண வில்லை ஒன்று வாங்க எண்ணுகிறேன், ஐயா. ஒளியை நிரம்ப வாங்கும் பெரிய துவாரமுள்ள வில்லையை வாங்குவதா, கைக்குள் அடங்கும் சிறிய வில்லையை வாங்குவதா? எதை வாங்கினாலும் என் சேமிப்பு முழுவதும் கரைந்துவிடும். பிழைத்துப்போனால் திருத்திக்கொள்ள வழியில்லை" என்று எழுதியிருந்தார்.

இரண்டு வரியில் மறுமொழி எழுதி முடிக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். எழுத எழுத அது வளர்ந்துவிட்டது. இதே வினாவை வேறு பலரும் என்னிடம் கேட்டிருக்கின்றனர். ஆதலின் அவருக்கு எழுதியதையே சற்று விரித்து இங்கே தருகிறேன். கமராப் பழக்கமில்லாத வாசகர்கள் பொறுத்தருள்வார்களாக. கலைச்சொற்களை இயன்றவரை குறைத்துக்கொள்கிறேன்.

இந்தக் கமராவின் பிறப்பிலேயே வழக்கின் ஒரு பாதி அடங்கிக் கிடக்கிறது. ஜேர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைற்ஸ் குடும்பத்தார் நுணுக்குக்காட்டி செய்யும் தொழிற்சாலை நடத்திவந்தனர். அங்கே பணிபுரிந்த ஒஸ்கார் பார்னாக் காடு மலை என்று திரிந்து படம் எடுப்பதில் விருப்பமுடையவர். ஆனால் தொய்வு நோயால் வருந்தியவர். அக்காலத்துக் கண்ணாடித் தட்டுக் கமராவையும் அதன் முக்காலியையும் சுமந்துகொண்டு மேடேற அவரால் இயலவில்லை. சினிமாவுக்கான சுருளை உபயோகித்துக் கையடக்கமான கமரா ஒன்றை 1914 அளவில் ஆக்கிக்கொண்டார். 24 மில்லிமீற்றர் உயரமும் 36 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட சிறு நெகட்டிவ் போதும், பின்னர் பெருப்பித்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். 1925 இல் லைப்சிக் சந்தையில் அது லைக்கா என்ற பெயரோடு உலகின் முன் வைக்கப்பட்டது. மூச்சு வாங்கும் மனிதர் ஒருவர் தம் பாரத்தைக் குறைப்பதற்காகச் செய்த கருவி இது. அதன் முகத்தில் அரைக் கிலோக் கண்ணாடியைப் பொருத்தப் போகிறவர்கள் பார்னாக்கை ஒரு கணம் நினைத்துக்கொள்வது நல்லது.

தூரமானிக் கமரா என்றால் என்ன என்பதையும் சொல்லவேண்டும். இதில் நாம் வில்லையினூடே பார்ப்பதில்லை. கமராவின் மேல்மூலையிலுள்ள தனிச் சாளரத்தினூடே பார்க்கிறோம். சாளரத்தின் நடுவே உருவம் இரண்டாகத் தெரியும். வில்லையின் வளையத்தைத் திருகி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் குவியம் சரி. வில்லைக்கும் பிலிமுக்கும் இடையே எழுந்து விழும் ஆடி எதுவும் இல்லை. அகல்கோண வில்லைக்கு இது பெரிய வசதி. ஆடியுள்ள கமராக்களில் ஆடிக்கு வழிவிட்டு வில்லை எட்டி நிற்கவேண்டும். அதற்கெனத் தனி அமைப்பும் கூடுதலான கண்ணாடிகளும் வேண்டும். பிரான்சின் அன்ஜெனியோ நிறுவனம் 1950 இல் அத்தகைய 35 மில்லிமீற்றர் வில்லையை வெளியிட்டது. தூரமானிக் கமராவின் வில்லையோ பிலிமை அண்டி உட்கார்ந்துகொள்ளலாம். லுட்விக் பேர்த்தலே சைஸ் நிறுவனத்துக்காக வகுத்த 21 மில்லிமீற்றர் பயகனின் பின்கண்ணாடி, பிலிமைத் தொட்டுவிடுமோ என்று நாம் அஞ்சுமளவுக்கு உள்ளே புகுந்திருக்கும். ஆகவே இந்தக் கமராக்களுக்கு அகல்கோண வில்லை சிறிதாய் அமைவதே இயல்பு. பெரிதாக்குவதற்குத்தான் காரணம் வேண்டும்.

அந்தக் காரணம் ஒளி. வில்லையின் வேகம் என்று புகைப்படக்காரர் சொல்வது அதன் ஒளி வாங்கும் ஆற்றலையே. குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். 35 மில்லிமீற்றர் வில்லைக்கு எஃப் 2.8 என்றால் துவாரத்தின் விட்டம் 12.5 மில்லிமீற்றர், எஃப் 1.4 என்றால் 25 மில்லிமீற்றர். விட்டம் இருமடங்கு, பரப்பு நான்கு மடங்கு, ஒளியும் நான்கு மடங்கு. சிறிய வில்லைக்கு எட்டிலொரு செக்கன் வேண்டிய இடத்தில் பெரியது முப்பதிலொரு செக்கனில் வேலையை முடித்துவிடும். கேட்பதற்கு அற்ப வேறுபாடு. ஆனால் 35 மில்லிமீற்றர் வில்லையைக் கையில் ஏந்தி எடுப்பவர் முப்பதிலொரு செக்கனுக்குக் கீழே இறங்கலாகாது என்பது பழைய வாய்பாடு. எல்லைக்கோடு அந்த இடத்தில்தான் விழுகிறது.

மாணவரின் எம்-2 கமரா 1957 இல் வெளிவந்த வகை. அதற்கு முன்னர் 1954 இல் வந்த எம்-3 இன் சாளரத்தில் 35 மில்லிமீற்றருக்கான சட்டகம் கிடையாது. வில்லையின் தலையில் மூக்குக்கண்ணாடி போன்ற துணைக்கருவி ஒன்றை மாட்டவேண்டியிருந்தது. எம்-2 அக்குறையைத் தீர்த்தது. அதன் பின்னர் 1958 இல் எஃப் 2.8 சுமரோனும் எஃப் 2 சுமிக்ரோனும், 1961 இல் எஃப் 1.4 சுமிலக்ஸும் வந்தன. சுமிலக்ஸ் பிறந்தது வெட்ஸ்லாரில் அன்று. கனடாவின் மிட்லண்ட் நகரில் லைற்ஸ் நிறுவிய தொழிற்சாலையில், வோல்ற்றர் மாண்ட்லர் என்னும் வல்லுநரின் கையில். அத்துணைப் பெரிய துவாரம் இருந்தும் அது உருவத்தில் மிகச் சிறியது. பெரிய கண்ணும் சிறிய முகமும் ஒருங்கே வாய்த்தனவே என்று பலர் மகிழ்ந்தனர். ஆனால் ஒளியியல் எவருக்கும் இலவசமாக எதையும் கொடுப்பதில்லை. துவாரத்தை முழுதும் திறந்து எடுத்தால் விளக்குகளைச் சுற்றிப் பால்போன்ற படலம் பரவும். படத்தின் ஓரத்திலுள்ள விளக்குகளுக்குச் சிறகு முளைக்கும். ஒரு மீற்றருக்குக் கிட்ட நெருங்கவும் முடியாது. இந்தக் குறையையே அழகென்று போற்றுவோர் உளர். நான் அவர்களுள் ஒருவனல்லன். தெருவிளக்குக்குச் சிறகு இல்லை என்பதே என் கட்சி.

1990 இல்தான் கோள வடிவினின்றும் விலகிய மேற்பரப்புகள் கொண்ட சுமிலக்ஸ் வந்தது. அம்மேற்பரப்புகளைக் கையால் தேய்த்து மெருகிட்டனர். 1994 இல் அச்சில் அழுத்தி உருவாக்கிய கண்ணாடியோடு அதன் அடுத்த வடிவம் வந்தது. குறை பெரும்பாலும் நீங்கிற்று. பருமனும் விலையும் ஏறின. ஆசிரியச் சம்பளத்தில் அதைப் பற்றிப் பேசுவதே வீண்.

யப்பானின் கொசினா நிறுவனம் ஃபொய்க்ட்லெண்டர் என்னும் பழம்பெயரில் செய்த வில்லைகள் இந்த வழக்கை இன்னும் துலக்கமாக எடுத்துக்காட்டுவன. 2003 இல் அது வெளியிட்ட 35 மில்லிமீற்றர் எஃப் 1.2 நொக்டனின் எடை 490 கிராம். அதே நிறுவனத்தின் எஃப் 2.5 கலர்-ஸ்கோப்பரின் எடை 134 கிராம். கமராவின் முகத்தினின்றும் அது 23 மில்லிமீற்றர் மாத்திரமே முன்தள்ளி நிற்கும். லைக்கா எம்-6 கமராவின் உடலே 560 கிராம் என்றால் நொக்டனைப் பொருத்துவது ஏறக்குறைய இன்னொரு கமராவைச் சுமப்பதற்குச் சமம். பாரத்தையாவது பழகிக்கொள்ளலாம். மறைப்பைப் பழகுவது கடினம். பெரிய வில்லையின் தோள் சாளரத்தின் வலக் கீழ்மூலையில் எழுந்து நிற்கும். ஒளிமறைப்பு வளையத்தையும் மாட்டினால் மறைப்பு இன்னும் கூடும். அகல்கோண வில்லையை விரும்புவதே காட்சியின் ஓரங்களையும் உள்ளே கொண்டுவருவதற்காக. அந்த மூலையில் ஒரு குழந்தை கையை நீட்டிக்கொண்டு நின்றால் படம் கழுவிய பின்னரே நமக்குத் தெரியவரும்.

பகலில் சிறிய வில்லைக்கு நிகரில்லை. துவாரத்தை எஃப் 8 இல் வைத்து, வளையத்தை மூன்று மீற்றரில் நிறுத்திவிட்டால் ஏறத்தாழ இரண்டு மீற்றரிலிருந்து ஏழு மீற்றர் வரை எல்லாம் தெளிவாய் விழும். தூரமானியைப் பார்க்கவே தேவையில்லை. கமராவை உயர்த்தியதும் எடுத்துவிடலாம். நியூயோர்க் தெருக்களில் 28 மில்லிமீற்றர் வில்லை பொருத்திய லைக்காவோடு திரிந்த கரி வினோகிராண்ட் இவ்வகைப் படப்பிடிப்புக்குப் பேர்போனவர். பெரிய வில்லையையும் எஃப் 8 இற்கு ஒடுக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாக ஒடுக்கலாம். துவாரம் ஒடுங்கினாலும் பாரம் ஒடுங்குவதில்லை.

இவ்வளவும் சிறிய வில்லைக்குச் சார்பாகவே பேசிவிட்டேன். என்னிடம் இருப்பதும் சுமரோன்தான். அதனால் நான் இழந்த படம் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது.

1993 இல் நான் யாழ்ப்பாணத்தில் ஆசிரியன். மின்சாரம் இல்லாத காலம். மண்ணெண்ணெய் அருமையாதலால் ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துச் சிறிது எண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக் குழாயினூடே திரி கோத்து எரித்த காலம். மின்கலமும் கிடைக்காது, நல்லவேளையாக எம்-2 மின்கலம் கேளாத கமரா. எப்படியோ 400 வேகச் சுருள் ஒன்று என் கைக்கு வந்திருந்தது. அயல்வீட்டுப் பெண் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். என் மாணவி. அந்த விளக்கின் முன்னே குனிந்திருந்த அவள் முகத்தைப் படமெடுக்க விரும்பினேன். துவாரத்தை எஃப் 2.8 வரை முழுதும் திறந்தேன். எட்டிலொரு செக்கன் வேண்டியிருந்தது. கதவு நிலையில் தோளைச் சாய்த்து, மூச்சை அடக்கி எடுத்தேன். என் கை அசையவில்லை. அவள் அசைந்தாள். ஒற்றை புரட்டுவதற்காகத் தலையைச் சற்றுத் திருப்பிவிட்டாள்.

படத்தில் போத்தல் துல்லியம். புத்தகத்தின் விளிம்பும் துல்லியம். முகம் மாத்திரம் கரைந்துபோயிருந்தது. 1995 இடப்பெயர்வின்போது அவர்கள் வீட்டிலிருந்த படங்கள் யாவும் போயின. அந்த வயதில் அவளுக்கென்று எஞ்சியது நான் கெடுத்த அந்த ஒரு படந்தான். பிற்காலத்தில் அவளுடைய தாயார் கேட்டதால் ஒரு பிரதி எடுத்துக்கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். "லாம்பு நல்லாத் தெரியுது, மாஸ்டர்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மங்கிய படங்களுக்கும் மதிப்பு உண்டு என்று நண்பர்கள் ஆறுதல் சொல்வார்கள். 1948 ஜனவரி 30 ஆந் திகதி இரவு, காந்தியடிகள் மறைந்த செய்தியை பிர்லா மாளிகை வாயிலில் நேரு மக்களுக்கு அறிவித்ததை ஹென்றி கார்த்தியே பிரெஸோன் எடுத்த படத்தை எடுத்துக்காட்டுவார்கள். அதுவும் விளக்கொளியில் எடுத்த மங்கலான படமே. உலகம் அதை மறக்கவில்லை. உண்மை. (அவர் பெரும்பாலும் 50 மில்லிமீற்றர் வில்லையையே கையாண்டவர் ஆதலின் நம் வழக்கில் நேர்ச்சாட்சி அல்லர்.) ஆனால் அங்கே நிகழ்ச்சியே படத்தைத் தாங்கிக்கொள்கிறது. பரீட்சைக்குப் படிக்கும் ஒரு பெண்ணின் படத்தைத் தாங்குவதற்கு அவள் முகத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

இலத்திரனியல் கமரா வந்தபின் வழக்கின் நிறை மாறிவிட்டது என்பதையும் சொல்லவேண்டும். எப்சன் நிறுவனத்தின் ஆர்-டி 1 2004 இலும், லைக்கா எம்-8 2006 இலும் வந்தன. அவற்றின் பின்வந்த கமராக்களில் வேகத்தை 6400 இற்கு உயர்த்துவது சாதாரணம். அது 400 இன் பதினாறு மடங்கு. எஃப் 2.8 வில்லையோடு விளக்கின் முன் தைரியமாக உட்காரலாம். பிலிமை அண்டி நிற்கும் பழைய சிறு வில்லைகள் சில இலத்திரனியல் கமராவில் படத்தின் ஓரங்களில் நிறத்தைத் திரித்துவிடும் என்பது உண்மையே. எனினும் ஒளிக்காகப் பெரிய வில்லையை வாங்கும் தேவை அங்கே வெகுவாகக் குறைந்துவிட்டது. பின்னணியைக் கரைப்பதற்காகவே பலர் அதை வாங்குகின்றனர். பின்னணியைக் கரைப்பதானால் அகல்கோணம் எதற்கு என்பது எனக்கு விளங்கவில்லை.

ஆனால் மாணவருடையது பிலிம் கமரா. சுருளின் வேகம் நாம் இட்ட சட்டப்படி ஏறி இறங்காது. ஆகவே நான் அவரிடம் ஒன்றே கேட்டேன்: "நீர் படம் எடுப்பது எந்த நேரத்தில்?" பகலில் என்றால் எஃப் 2.5 அல்லது எஃப் 2.8 வில்லையை வாங்கி, மிஞ்சும் பணத்துக்குச் சுருள் வாங்கிக்கொள்ளும் என்றும் எழுதினேன். கேட்பவர்களுள் பெரும்பாலோருக்கு என் மறுமொழி அதுவே.

பதில் ஒரு வாரத்தில் வந்தது. அவர் ஊரில் இவ்வருடம் கூத்துப் பழகுகிறார்களாம். பழக்கம் தொடங்குவதே இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னர். வளவில் ஒற்றை மின்குமிழ். அண்ணாவியாருக்கு எண்பது வயதாகிறது. மத்தளத்தை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறார். அவரைத்தான் எடுக்கவேண்டும், மின்வெட்டொளியை முகத்தில் அடித்தால் ஆட்டம் குழம்பும் என்று எழுதியிருந்தார்.

கொசினா செய்த எஃப் 1.4 நொக்டன் ஒன்று உண்டு; பழைய சுமிலக்ஸை ஒத்த சிறிய உருவம்; எடை 200 கிராம். நேர்கோடுகள் அதில் சற்று வளையும். கூத்துக் களரியில் நேர்கோட்டைத் தேடுவார் எவருமில்லை. பழையது ஒன்றைத் தேடி வாங்குமாறு எழுதினேன். எஃப் 1.4 இல் ஒரு மீற்றர் தூரத்தில் தெளிவின் ஆழம் ஏழு சென்ரிமீற்றர் அளவுதான், காதுக்குக்கூட எட்டாது, ஆகையால் தூரமானியை அண்ணாவியாரின் கண்ணிலே வையும் என்றும் சேர்த்து எழுதி, 400 வேகச் சுருள் இரண்டையும் பொதியில் வைத்து நேற்றுத் தபாலில் சேர்த்தேன்.