கரையில் நிற்பவனின் கல்வி

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நீந்தத் தெரிந்த இளைஞர்களுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக் கிணற்றில் இறங்கி, ஒரு கோடை கழிவதற்குள் துணையின்றி நீந்தக் கற்று, மலையில் மழை பெய்து அய்யனார் கோவில் ஆறு பெருகும் நாட்களில் அங்கே தங்கள் வித்தையைப் பரீட்சித்துப் பார்ப்பவர்கள் அவர்கள். இத்தகையவர்களையே நீச்சல் குளம் நடத்துவோர் விரும்பி அழைத்து, சீருடையும் விசிலும் கொடுத்து, வேலை பார்த்துக்கொண்டே உயிர்காப்பாளராகத் தேர்ச்சி பெறலாம் என்று நம்பிக்கை ஊட்டுகிறார்கள். வேலையினூடே கற்பது நல்ல முறைதான். ஆனால் அங்கே கற்பிக்கப்படுவது எது என்பதே நம் கவலை.

1891இல் லண்டனில் தோன்றிய உயிர்காப்புச் சங்கத்தின் மரபில், இங்கிலாந்தில் குளக் காவலராக விரும்புகிறவர் பதினாறு வயது நிரம்பியவராய், 50 மீட்டரை 60 விநாடிக்குள் நீந்திக் கடப்பவராய், ஆழ்நீரில் 30 விநாடி நின்ற இடத்திலேயே மிதப்பவராய், குளத்தின் அடித்தளம் வரை மூழ்கி எழுபவராய் இருக்கவேண்டும். இவ்வளவும் பயிற்சிக்குள் நுழைவதற்கான தகுதி மாத்திரமே. பெறுகிற சான்றிதழும் இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும். நம் நாட்டிலும் புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட ராஷ்டிரிய லைஃப் சேவிங் சொசைட்டி இக்கலையைக் கற்பித்து வருகிறது.

கிணற்றில் பழகியவனின் சுபாவம், ஆபத்தைக் கண்டவுடன் குதிப்பது. பயிற்சியோ முதலில் கோலை நீட்டு, மிதவையை வீசு, வேறு வழியில்லாதபோது மட்டும் நீரில் இறங்கு என்று அந்தச் சுபாவத்தையே மாற்றுகிறது. அதனினும் கடினமானது பார்க்கக் கற்பது. நியூயார்க்கின் ஆர்ச்சர்டு கடற்கரையில் காவலராயிருந்த ஃபிராங்க் பியா என்பவர், மூழ்குகிறவர்களைப் படம்பிடித்து ஆராய்ந்து, மூச்சுக்கே திண்டாடும் அவர்களால் கூவியழைக்க இயலாதென்றும், கைகள் நீரை அழுத்துமேயன்றி உதவி கோரி அசையாவென்றும், அந்தப் போராட்டம் 20 முதல் 60 விநாடிகளில் முடிந்துவிடுமென்றும் காட்டினார். ஆகவேதான் தன் பொறுப்பிலுள்ள நீர்ப்பரப்பு முழுவதையும் 10 விநாடிக்குள் கண்ணால் அளந்து, ஆபத்திலிருப்பவரை அடுத்த 20 விநாடிக்குள் அடையவேண்டும் என்ற நியமம் காவலருக்கு விதிக்கப்பட்டது.

காவலர் தவறுவதற்குப் பியா கூறிய காரணங்கள் மூன்று: ஆபத்தை அடையாளம் காணாமை, கவனச் சிதறல், காவலின் நடுவே வேறு வேலை புகுதல். இந்த மூன்றாவதுதான் நம்மை உறுத்துகிறது. பயிற்சியில் இருப்பவன் ஊழியர் வரிசையில் கடைசியானவன். ஆதலால் சீட்டுக் கொடுப்பதும், தளத்தைக் கழுவுவதும், குளோரின் அளவு பார்ப்பதும், விடுமுறையில் வந்து குவியும் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பதும் அவன் தலையிலேயே விழுகின்றன. சிறிய ஊரில் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுத்துக் கட்டுப்படியாகாது என்று குளத்தார் சொல்வதில் நியாயம் உண்டு. ஆயினும், பார்ப்பது வேலையன்று என்னும் எண்ணத்தை முதல் மாதத்திலேயே அவன் மனத்தில் விதைத்துவிட்டால், பிற்பாடு எந்தச் சான்றிதழ் அதைக் களையும்?

பார்த்து மீட்பதோடு காவலரின் கல்வி முடிவதில்லை. மூழ்கியவரின் இதயம் பெரும்பாலும் பிராணவாயு இன்றி நிற்பதால், அவருக்கு மூச்சே முதல் மருந்து. முதலில் ஐந்து முறை மூச்சூதி, பின்னர் 30 நெஞ்சழுத்தங்களுக்கு இரண்டு மூச்சு என்று தொடர்வது ஐரோப்பிய முறை. இதைப் பொம்மையின் மீது மாதந்தோறும் அப்பியாசம் செய்யாத கை, தக்க தருணத்தில் தடுமாறும். 2022இல் இந்தியாவில் நீரில் மூழ்கி இறந்தோர் 38,000க்கும் மேற்பட்டோர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு கூறுகிறது. கண்மாயும் கிணறும் ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருமுக்குளமும் உள்ள நம் பக்கத்தில், குளத்தில் செம்மையாகப் பயின்ற ஓர் இளைஞன் ஊருக்கே துணையாவான்.

ஆகையால் குளத்தார் செய்யவேண்டியது ஒன்று: பயில்பவனை, தேர்ந்த காவலர் ஒருவரின் பக்கத்தில் நிறுத்தி, காவல் நேரத்தில் வேறெந்த வேலையும் ஏவாதிருத்தல். குழந்தையை அழைத்துச் செல்லும் பெற்றோரும், தண்ணீர் சுத்தமா என்று விசாரிப்பதற்கு முன்னால், காவலர் யார், அவருக்கு இந்த நேரத்தில் வேறு வேலை உண்டா என்று வாசலிலேயே கேட்கவேண்டும்.