சட்டம் இருக்கிறது, ஊட்டத்துக்கு வழி என்ன?

புது தில்லி: உறுப்பு மாற்று சிகிச்சை என்றதும் சிறுநீரகம், கல்லீரல், இதயம் ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. சிறுகுடலையும் மாற்ற முடியும் என்பதைப் பலர் அறிந்திருக்கவில்லை. அதற்காகக் காத்திருப்போரில் பச்சிளம் குழந்தைகளும் உண்டு.

குடல் முறுக்கிக் கொள்வது, குறைமாதக் குழந்தையின் குடல் அழுகுவது, வயிற்றுச் சுவரின் பிளவு வழியே குடல் வெளித்தள்ளிப் பிறப்பது போன்ற காரணங்களால் குடலின் பெரும் பகுதியை வெட்டி அகற்ற நேரிடுகிறது. எஞ்சிய குடலால் வளர்ச்சிக்குப் போதுமான சத்தை உறிஞ்ச இயலாத நிலையே குடல் செயலிழப்பு.

இக்குழந்தைகளின் உயிரைக் காப்பது, ரத்த நாளம் வழியே செலுத்தப்படும் ஊட்டக் கரைசல். 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஸ்டான்லி டட்ரிக் உள்ளிட்ட மருத்துவர்கள் இம்முறையை நிலைநாட்டினர். எனினும், நீண்டகாலம் தொடர்ந்தால் கல்லீரல் பழுதடையும். கிருமித் தொற்று அபாயமும் உண்டு.

எஞ்சிய குடல் நாளடைவில் விரிந்து பருப்பதை அறுவை மருத்துவர்கள் சாதகமாக்கிக் கொண்டனர். அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, முனையோடு முனை இணைத்து நீளமாக்கும் முறையை 1980-ல் அட்ரியன் பியாங்கி வெளியிட்டார். இரு புறமும் மாறி மாறி வெட்டித் தைத்து, நெளிந்து செல்லும் நீண்ட குழாயாக்கும் முறையை 2003-ல் பாஸ்டன் மருத்துவர்கள் அறிமுகப்படுத்தினர். இவை பலனளிக்காதபோது குடல் மாற்றே வழி.

அதற்குச் சட்டம் தடையாக இல்லை. மூளைச்சாவை அங்கீகரித்த 1994-ம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டம், 18 வயதுக்கு உள்பட்டவர் மூளைச்சாவு அடைந்தால் பெற்றோர் இசைவுடன் உறுப்புகளைப் பெற வகை செய்கிறது. 2011-ம் ஆண்டு திருத்தம், உறுப்பளிக்கத் தகுதியுள்ள நெருங்கிய உறவினர் பட்டியலில் தாத்தா, பாட்டியையும் சேர்த்தது. உறுப்பு பெறப் பதிவு செய்வோருக்கு வசிப்பிட நிபந்தனை கூடாது என 2023-ல் மாநிலங்களை மத்திய அரசு கேட்டுக் கொண்டது.

ஆனால், குழந்தையின் சிறிய வயிற்றுக்குப் பொருந்தும் குடல் எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் சில மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும். உடல் அதை நிராகரிக்கும் வாய்ப்பும் அதிகம். அதுவரை குழந்தையை உயிரோடு காக்க வேண்டிய ஊட்டக் கரைசல்தான் உண்மையான சிக்கல். மேலை நாடுகளில் பெற்றோரே பயிற்சி பெற்று, இரவு நேரத்தில் வீட்டிலேயே அதைச் செலுத்துகின்றனர். இந்தியாவில் அத்தகைய ஏற்பாடு அரிது. செலவோ சாமானியக் குடும்பத்தின் சக்திக்கு அப்பாற்பட்டது.

மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலில் உள்ளன; உறுப்பு மாற்றுச் சட்டமோ நாடாளுமன்றம் இயற்றியது. இவ்விரண்டுக்கும் இடையே, அறுவைக்கு முன்பும் பின்பும் நீளும் மாதங்களுக்குப் பொறுப்பேற்பது யார் என்ற கேள்விக்கு மத்திய, மாநில அரசுகள் விடை காண வேண்டும். பசித்த குழந்தையால் காத்திருக்க இயலாது.