பனி வழிக்கும் மின் இயந்திரம்: இதயத்துக்கும் கைப்பணத்துக்கும் ஏற்றதைத் தேர்ந்தெடுத்தல்

இதய சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளரும் குடும்பத்தினரும் எம்மிடம் மாத்திரைகளைப் பற்றியும் உணவைப் பற்றியும் நடைப்பயிற்சியைப் பற்றியும் கேட்பது வழக்கம். நவம்பர் மாதம் பிறந்ததும் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது: இந்த ஆண்டு வீட்டுவாசலில் பனியை யார் வழிப்பது? பலர் சவளைக் கைவிட்டு, ஸ்நோ புளோவர் எனப்படும் பனி வீசும் இயந்திரத்தை வாங்க எண்ணுகின்றனர். அது நல்ல எண்ணமே. ஆயினும் எந்த இயந்திரம், யார் கையில், எவ்வாறு என்பவை விலையைப் பார்த்து மட்டும் தீர்மானிக்கக்கூடியவை அல்ல. குளிர்நாட்டில் வாழும் இதய நோயாளருக்கு இது மருத்துவம் சார்ந்த முடிவும் ஆகும். ஆகவே அதனை இங்கே விளக்க முற்படுகின்றோம்.

சவள் ஏன் ஆபத்தானது?

பனி பார்ப்பதற்குப் பஞ்சுபோலத் தோன்றினும் அதன் நிறை பெரிது. ஐந்து மீற்றர் அகலமும் பத்து மீற்றர் நீளமும் உள்ள டிரைவ்வேயில் 15 சென்ரிமீற்றர் பனி விழுந்தால், அதன் கனவளவு ஏழரைக் கனமீற்றர் ஆகும். புதிதாக விழுந்த இலேசான பனியாயினும் அது ஏறத்தாழ 750 கிலோகிராம் நிறையுடையது. ஈரப்பனியானால் நிறை அதன் இருமடங்காகவோ அதற்கு மேலாகவோ இருக்கும். இதனைச் சவள் சவளாகத் தூக்கி எறிவதே நாம் சாதாரணமாக ‘பனி வழித்தல்’ என்று சொல்லும் வேலை.

இவ்வேலையில் கைகளே பெரிதும் உழைக்கின்றன. கால்கள் அசையாது நிற்கின்றன. கைகளால் செய்யும் கடும் உழைப்பு, அதே அளவான கால் உழைப்பைவிடக் குருதி அழுத்தத்தை அதிகம் உயர்த்தும். பாரத்தைத் தூக்கும்போது நாம் அறியாமலே மூச்சை அடக்குகின்றோம். அதுவும் அழுத்தத்தைக் கூட்டுகிறது. குளிர்காற்று குருதிக் குழாய்களைச் சுருக்குகிறது. இதயம் கூடுதல் ஒட்சிசனைக் கேட்கும் அதே வேளையில், ஏற்கெனவே ஒடுங்கிய முடியுருக் குழாய்கள் அதனைக் கொடுக்க இயலாமற் போகின்றன. பலரும் வேலைக்குப் புறப்படுமுன், விடியற்காலையில், உடல் சூடேறாத நிலையில் இவ்வேலையைத் தொடங்குவது நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது.

1981 முதல் 2014 வரையிலான கியூபெக் மாகாணத் தரவுகளை ஆராய்ந்து 2017 இல் வெளியான ஆய்வொன்று இதனை உறுதிப்படுத்தியது. 20 சென்ரிமீற்றர் பனி விழுந்த நாளுக்கு மறுநாள், பனி விழாத நாளோடு ஒப்பிடும்போது, ஆண்கள் மாரடைப்பினால் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும் வாய்ப்பு 16 சதவீதமும், மாரடைப்பினால் இறக்கும் வாய்ப்பு 34 சதவீதமும் கூடுதலாக இருந்தன. பெண்களிடம் இத்தகைய தெளிவான தொடர்பு காணப்படவில்லை. பெரும்பாலான வீடுகளில் சவளை எடுப்பவர் ஆண் என்பதை இதன் பின்னணியாகக் கருதலாம்.

மின் இயந்திரம் எவ்வளவு சுமையைக் குறைக்கிறது?

1995 இல் அமெரிக்க ஆய்வாளர்கள், உடற்பயிற்சிப் பழக்கமில்லாத, ஆனால் உடல்நலமுள்ள 10 ஆண்களைக் கொண்டு இதனை அளந்து பார்த்தனர். சவளால் ஈரப்பனியை வழித்தபோது அவர்களின் இதயத்துடிப்பு நிமிடத்துக்குச் சராசரியாக 175 ஆகவும், மேல் குருதி அழுத்தம் 198 ஆகவும் உயர்ந்தன. மின் இயந்திரத்தைப் பாவித்தபோது இவை முறையே 124 ஆகவும் 161 ஆகவும் இருந்தன.

இவ்வெண்களிலிருந்து இரண்டு பாடங்களைப் பெறுகின்றோம். மின் இயந்திரம் இதயத்தின் சுமையைப் பெருமளவு குறைக்கிறது என்பது முதலாவது. அது சுமையை முற்றாக நீக்குவதில்லை என்பது இரண்டாவது. 161 என்பது ஓய்வில் இருப்பவரின் அழுத்தம் அன்று. இயந்திரத்தைத் தள்ள வேண்டும், திருப்ப வேண்டும், குளிரில் நிற்க வேண்டும். இயந்திரம் வாங்கிவிட்டோம், இனி யாரும் பனி வழிக்கலாம் என்று எண்ணுவது சரியன்று.

இயந்திரத்தையும் தொடக்கூடாதவர் யார்?

பைபாஸ் போன்ற திறந்த இதய சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள், பிளக்கப்பட்ட மார்பெலும்பு பொருந்தும் வரை பாரம் தள்ளுவதையும் இழுப்பதையும் தவிர்க்க வேண்டும். இதற்குப் பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் தேவைப்படும். அண்மையில் மாரடைப்பு ஏற்பட்டவர்கள், சிறிது தூரம் நடந்தாலே நெஞ்சு இறுகுபவர்கள், இதயச் செயலிழப்பினால் மூச்சு வாங்குபவர்கள், கடுமையாக ஒடுங்கிய இதய வால்வு உள்ளவர்கள், குருதி அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் ஆகியோர், வைத்தியர் நேரில் பார்த்து அனுமதி தரும்வரை எந்த இயந்திரத்தையும் எடுக்கலாகாது. பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர்கள், தமது சாதனத்தைப் பரிசோதிக்கும் கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நன்று. கைபிடியைப் பிடித்து நேராக நின்றால் மோட்டார் நெஞ்சிலிருந்து தள்ளியே இருக்கும். இயங்கும் மோட்டாரின்மேல் குனியாதிருப்பதே அவர்களுக்கு முக்கியம்.

பெற்றோல் இயந்திரத்தைவிட மின் இயந்திரம் ஏன் நல்லது?

பெற்றோல் இயந்திரங்கள் வலிமை மிக்கவை. ஆனால் அவற்றுள் பலவற்றைக் கயிற்றைச் சட்டென்று இழுத்தே இயக்க வேண்டும். அவ்விழுப்பு மார்புக்கும் தோளுக்கும் திடீர்ச் சுமையாகும். அவை வெளியிடும் காபன் மொனொக்சைட்டு வாயுவோ, குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கும். கராஜ் கதவைத் திறந்து வைத்தாலும், உள்ளே இயந்திரத்தை ஓடவிடுவது ஆபத்தே. மின் இயந்திரம் ஒரு பொத்தானில் இயங்கும்; புகை விடாது; நிறையும் பெரும்பாலும் குறைவு.

விலைக்கேற்ற வகைகள்

முதலாவது, மின்சவள். ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் அகலமுள்ள சிறு கருவி இது. படிக்கட்டுக்கும் நடைபாதைக்கும் ஏற்றது; விலையும் குறைவு. ஆனால் சக்கரத்தின்மேல் ஓடும் இயந்திரத்தைப் போலன்றி, இதனைக் கையால் தாங்கி முன்னும் பின்னும் தள்ள வேண்டும். எனவே டிரைவ்வே முழுவதையும் இதனால் வழிக்க முனைய வேண்டாம்.

இரண்டாவது, மின்வடத்தோடு இணைந்த ஒற்றைக்கட்ட இயந்திரம். சுழலும் தகடுகளே பனியை அள்ளி வீசுவதால் இதனை ஒற்றைக்கட்டம் என்பர். அகலம் பெரும்பாலும் 18 முதல் 21 அங்குலம். சில நூறு டொலருக்குள் கிடைக்கும். பற்றரி தீர்ந்துபோகும் கவலை இல்லை. ஒன்று அல்லது இரண்டு வாகனங்கள் நிற்கக்கூடிய, தார் அல்லது கொங்கிறீற் பரவிய டிரைவ்வேக்குப் பெரும்பாலும் இதுவே போதுமானது. தகடுகள் தரையைத் தொட்டு ஓடுவதால் சரளைக்கல் தரைக்கு இது ஏற்றதன்று. கற்களையும் அள்ளி வீசிவிடும்.

மூன்றாவது, பற்றரியில் இயங்கும் ஒற்றைக்கட்ட இயந்திரம். காலில் சிக்கும் வடம் இல்லை என்பது முதியோருக்கு உண்மையான பாதுகாப்பு. பற்றரியும் சார்ஜரும் சேரும்போது விலை ஆயிரம் டொலரை அண்மிக்கக்கூடும். அதே நிறுவனத்தின் புல்வெட்டும் இயந்திரம் உங்களிடம் ஏற்கெனவே இருந்தால், அதன் பற்றரி இதற்கும் பொருந்துமா என்று பாருங்கள். பொருந்தினால் பற்றரி இல்லாத வெறும் இயந்திரத்தைக் குறைந்த விலைக்கு வாங்கலாம்.

நான்காவது, இரட்டைக்கட்ட மின் இயந்திரம். பனியை அள்ளுவது ஒரு பகுதி, வீசுவது இன்னொரு பகுதி. ஆழமான பனியையும் இறுகிய பனியையும் சமாளிக்கும். ஆனால் நிறையும் விலையும் மிக அதிகம். ரொறன்ரோவில் ஓர் ஆண்டு முழுவதும் விழும் பனி சராசரியாக ஏறத்தாழ 120 சென்ரிமீற்றரே. அதுவும் பல தடவைகளாகப் பிரிந்தே விழுகிறது. அங்குள்ள சாதாரண வீட்டு வாசலுக்கு இத்தகைய இயந்திரம் பெரும்பாலும் தேவைப்படாது.

கடையில் கவனிக்க வேண்டியவை

கடையில் முதலில் கவனிக்க வேண்டியது வலிமையை அன்று, நிறையை. இயந்திரத்தைப் பாவிக்கப் போகும் அதே ஆள் கடைக்குச் சென்று, அதனைத் தள்ளித் திருப்பிப் பார்க்க வேண்டும். கராஜிலிருந்து வெளியே எடுக்கப் படி இறக்க நேருமா, யார் தூக்குவார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். கைபிடியின் உயரம் முதுகை வளைக்காமல் நிற்க இடம்தர வேண்டும். பனி வீசும் குழாயின் திசையை நின்ற இடத்திலிருந்தே மாற்றக்கூடியதாக இருந்தால் அடிக்கடி குனிய வேண்டியதில்லை. இரவில் பாவிப்போருக்கு முன்விளக்கு உதவும். கனடியப் பாதுகாப்புத் தரத்தைக் குறிக்கும் சீ.எஸ்.ஏ. போன்ற முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வடத்தோடு இணைந்த இயந்திரமாயின், வெளிப்புறப் பாவனைக்கும் கடுங்குளிருக்கும் உரிய நீட்டிப்பு வடத்தையும் வாங்க வேண்டும். அதன் செலவையும் முன்கூட்டியே கணக்கில் சேருங்கள். பொதுவாக 15 மீற்றர் வரை 14 கேஜ் வடமும், 30 மீற்றர் வரை 12 கேஜ் வடமும் பொருந்தும். எண் குறையக் குறைய வடம் தடிப்பாகும். வீட்டினுள் பாவிக்கும் மெல்லிய வடம் சூடேறித் தீப்பற்றக்கூடும். மின்கசிவு ஏற்பட்டவுடன் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ஜீ.எஃப்.சீ.ஐ. பாதுகாப்புள்ள செருகுமுனையிலேயே இணைக்க வேண்டும்.

பற்றரி இயந்திரமாயின், வோல்ட் எண்ணை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். வோல்ட்டை அம்பியர்-மணியால் பெருக்கி வரும் வாட்-மணியே பற்றரி சேமிக்கும் ஆற்றலைக் காட்டும். 40 வோல்ட், 5 அம்பியர்-மணிப் பற்றரி 200 வாட்-மணி. 56 வோல்ட், 5 அம்பியர்-மணிப் பற்றரி 280 வாட்-மணி. குளிரில் இவ்வாற்றல் குறையும். ஆகவே பற்றரியை வீட்டினுள் வைத்து, வேலை தொடங்கும்போது மட்டும் இயந்திரத்தில் பொருத்துங்கள். உறைநிலைக்குக் கீழான குளிரில் லிதியம் பற்றரியைச் சார்ஜ் செய்யக் கூடாது.

வீதியோர வரம்பு

எல்லாவற்றிலும் ஆபத்தான இடம் ஒன்றுண்டு. நகராட்சியின் பனியகற்றும் வாகனம் சென்றபின், டிரைவ்வேயின் முனையில் வயல் வரம்புபோல் ஒரு பனிக்குவியல் எஞ்சும். அது ஈரமானது, இறுகியது, பனிக்கட்டிகள் கலந்தது. விலை குறைந்த மின் இயந்திரம் அதன் முன் திணறும். அப்போது, இவ்வளவும் முடித்துவிட்டோம், இது ஐந்து நிமிட வேலைதானே என்று சவளைக் கையிலெடுக்கிறார்கள். இயந்திரம் காப்பாற்றிய இதயத்தை அந்த ஐந்து நிமிடம் மீண்டும் ஆபத்தில் தள்ளிவிடுகிறது.

ஆகவே இயந்திரத்தை வாங்குமுன்பே அந்த வரம்பை அகற்றப்போவது யார் என்று தீர்மானியுங்கள். ரொறன்ரோவில் நகராட்சியின் சேவைகளையும், முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உரிய உதவிகளையும் 311 இலக்கத்தில் விசாரிக்கலாம்; வேறு பல நகராட்சிகளிலும் உதவித் திட்டங்கள் உள்ளன. அயலிலுள்ள இளைஞர் ஒருவரோடு முன்பே பேசி வைப்பதும் நல்ல ஏற்பாடே.

பாவிக்கும்போது

பனி முழுவதும் விழுந்து முடியும்வரை காத்திராது, எட்டுப் பத்து சென்ரிமீற்றர் சேர்ந்ததும் ஒருமுறை வழித்துவிடுவது இயந்திரத்துக்கும் உங்களுக்கும் இலகு. வெளியே செல்லுமுன் வீட்டினுள் ஐந்து நிமிடம் நடந்து உடலைச் சூடாக்குங்கள். வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். வயிறு நிறைய உண்டவுடனும், மது அருந்தியபின்னும் இவ்வேலைக்குச் செல்ல வேண்டாம். வேலை செய்துகொண்டே ஒரு முழு வாக்கியத்தைப் பேச முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று கொள்ளுங்கள். பீட்டா தடுப்பு மாத்திரை எடுப்போருக்குத் துடிப்பின் எண்ணிக்கையைவிட இதுவே நம்பகமான அளவுகோல்.

குழாய் அடைத்துக்கொண்டால் ஒருபோதும் கையை உள்ளே விடாதீர்கள். இயந்திரத்தை நிறுத்தி, வடத்தைக் கழற்றி அல்லது பற்றரியை எடுத்து, தகடுகள் ஓய்ந்தபின் இயந்திரத்தோடு வரும் கோலால் அடைப்பை அகற்றுங்கள். குருதி உறைவைத் தடுக்கும் மருந்து எடுப்போர் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டால், வலி இல்லாவிடினும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

நெஞ்சில் இறுக்கம், தாடை அல்லது இடக்கையில் வலி, காரணமற்ற வியர்வை, தலைச்சுற்று, மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினும் இயந்திரத்தை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு உள்ளே வந்து அமருங்கள். உடனே 911 ஐ அழையுங்கள். தாமாக வாகனம் ஓட்டிக்கொண்டு வைத்தியசாலைக்கு வர வேண்டாம். நைத்திரோகிளிசரின் ஸ்பிரே தரப்பட்டவர்கள் அதனை உட்சட்டைப் பையில் உடற்சூட்டில் வைத்துக்கொண்டு, சொல்லித்தந்த முறையில் பாவிக்க வேண்டும்.

குடும்பத்தினருக்கு ஒரு வார்த்தை. வீட்டுவாசலைத் தானே துப்புரவாக வைத்திருப்பதைப் பல தந்தையர் தம் கடமையாகவும் பெருமையாகவும் கருதுகின்றனர். அவரிடமிருந்து சவளைப் பறிப்பதைவிட, எந்த இயந்திரம் வீட்டுக்கு ஏற்றது, எந்த நாளில் யார் வழிப்பது, வரம்பை யாரிடம் ஒப்படைப்பது என்று அவரையும் அமர்த்தி வைத்து முடிவெடுப்பதே பயன் தரும். முதற்பனி விழுமுன் அவ்வுரையாடலை முடித்துவிடுங்கள். அடுத்த கிளினிக் வருகையின்போது, தெரிந்தெடுத்த இயந்திரத்தின் நிறையையும் வகையையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். அது உங்கள் இதயத்துக்கு ஏற்றதா என்பதை உங்களோடு சேர்ந்து பார்த்துச் சொல்வோம்.