வெள்ளிப் பெட்டியின் பிடிவாதம்

லேப்டாப்பும் ஹெட்போனும் இருந்தால் இன்று ஒரு முழு ஆல்பத்தையே முடித்துவிடலாம். அப்படியிருக்க, நாற்பது வருடத்துக்கு முந்தைய பிளாஸ்டிக் பெட்டிகளைப் பெரும் விலை கொடுத்துத் தேடி வாங்குகிறார்களே, எதற்கு? "ஹார்ட்வேர் சவுண்டே தனி" என்பது வழக்கமான பதில். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். அந்தச் சத்தத்தை மென்பொருள் எப்போதோ எட்டிப்பிடித்துவிட்டது. பெட்டியின் குணத்தைத்தான் இன்னும் பிடிக்க முடியவில்லை.

அப்படிக் குணமுள்ள ஒரு வெள்ளி நிறப் பெட்டிதான் ரோலண்ட் டிபி-303. ஜப்பானிலிருந்து 1981இல் வந்தது. வடிவமைத்தவர் தடாவோ கிகுமோட்டோ. கிடார்காரர் தனியாகப் பயிற்சி செய்யும்போது பேஸ் வாசிக்க ஒரு துணை, அவ்வளவே நோக்கம். ஆனால் அதன் சத்தம் பேஸ் கிடார் மாதிரியே இல்லை. பதிவு செய்வதோ பெரும்பாடு. ஸ்வரங்களை ஒரு தடவையும், அவற்றின் கால அளவை இன்னொரு தடவையும் தனித்தனியாக ஏற்ற வேண்டும். நினைத்தது ஒன்று, ஒலிப்பது வேறொன்று. பேட்டரி தீர்ந்தால் பதிந்ததெல்லாம் போய், யாரும் எழுதாத ஏதோ ஒரு ஸ்வரவரிசை வந்து உட்கார்ந்திருக்கும். வாங்க ஆளில்லாமல் 1984இல் தயாரிப்பே நின்றது.

செகண்ட்ஹேண்டில் மலிவாகக் கிடைத்த அந்தப் பெட்டி சிகாகோவில் டிஜே பியர், ஸ்பேங்கி, ஹெர்ப் ஜே மூவரின் கைக்குப் போனது. அவர்கள் அதை ஒழுங்காக வாசிக்க முயலவில்லை. ஓடவிட்டு, ஃபில்டர் குமிழ்களைத் திருகிக்கொண்டே இருந்தார்கள். ஃபியூச்சர் என்ற பெயரில் 1987இல் அவர்கள் வெளியிட்ட 'ஆசிட் டிராக்ஸ்', ஆசிட் என்ற இசை வகைக்கே பெயர் தந்தது.

அதற்கு ஐந்து வருடம் முன்பே பம்பாயில் சரண்ஜித் சிங் இதே பெட்டியைத் தொட்டிருந்தார். இந்தி சினிமாவுக்கு வாசித்தவர். டிஆர்-808 தாளப்பெட்டி, ஜூபிடர்-8 சிந்தசைசரோடு இதையும் சேர்த்து, டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்களை 1982இல் பதிவு செய்தார். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப்போகும் ஸ்லைடு வசதி 303இல் உண்டு. கமகத்துக்குப் பழகிய காது அதை விட்டுவைக்குமா? ரெக்கார்டு அன்று விலைபோகவில்லை. 2010 மறுவெளியீட்டுக்குப் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

இரண்டு 303களையும் தாளப்பெட்டிகளையும் திரையிலேயே தந்தது, ஸ்வீடனின் ப்ரொப்பெல்லர்ஹெட் நிறுவனம் 1990களின் பிற்பாதியில் கொண்டுவந்த 'ரீபர்த்' மென்பொருள். பணமில்லாத எத்தனையோ பேருக்கு அது வாசல் திறந்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மவுஸால் ஒரு நேரத்தில் ஒரு குமிழைத்தான் திருக முடியும். ஃபில்டரின் கட்ஆஃப், ரெசொனன்ஸ் குமிழ்களை இரு கையாலும் சேர்த்துத் திருகும்போது பிறக்கும் அலறல்தானே ஆசிட்? தவறு வந்தால் 'அண்டூ' இருக்கிறது. சிகாகோக்காரர்களிடம் அது இருந்திருந்தால் அந்த முதல் விபத்தையே அழித்திருப்பார்கள்.

ஆயுளும் ஒரு கணக்கு. 'ரீபர்த்' 2005இல் கைவிடப்பட்டது. பின்னர் வந்த ஐபேட் வடிவத்தையும் ரோலண்டின் ஆட்சேபத்தால் 2017இல் விலக்கிக்கொண்டார்கள். 1981இன் பெட்டி பேட்டரி போட்டால் இன்றும் ஓடுகிறது.