மதுரை மல்லிக்குக் கவாத்து செய்யும் காலம்

மதுரையைச் சுற்றியுள்ள திருப்பரங்குன்றம், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் பலருக்கும் அன்றாடச் செலவுக்குக் கை கொடுப்பது குண்டுமல்லிதான். தடித்த இதழும் நெடுநேரம் நிற்கும் மணமும் கொண்ட மதுரை மல்லிக்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் மண்ணுக்கு வந்துவிட்டது. ஆனால் விளைச்சல், செடியைப் பராமரிக்கும் முறையைப் பொறுத்தே அமையும்.

இதில் பலர் தவறவிடுவது கவாத்து. மார்கழி, தை மாதங்களில் பனியால் பூ குறைந்து, விலை பல மடங்கு ஏறிவிடும். 'இந்த நேரத்தில் செடியை வெட்டுவதா?' என்று தயங்கிக் கவாத்தைத் தள்ளிப் போடுகிறார்கள். அந்த மாதங்களில் கிடைப்பதோ கொஞ்சம் பூதான். மல்லிகை புதுத் தளிரில்தான் மொட்டு வைக்கும். வெட்டாத செடி உயரமாகக் குச்சி ஓடி, உள்ளே நிழல் கட்டி, பங்குனி முதல் வரவேண்டிய பெரிய மகசூலைக் குறைத்துவிடும். கைப்பிடிப் பூவைக் காப்பாற்றப் போய்க் கூடைப் பூவை இழப்பதாக முடியும்.

நவம்பர் கடைசி வாரம், அதாவது கார்த்திகை இரண்டாம் வாரம், கவாத்துக்கு ஏற்றது. அதற்குச் சில நாட்கள் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில், கூரிய கத்தரியால் செடியைச் சீராக வெட்ட வேண்டும். காய்ந்த குச்சி, நோயுற்ற கிளை, உள்நோக்கிப் பின்னிய கொப்பு ஆகியவற்றை அடியோடு நீக்க வேண்டும். வெட்டிய கழிவைத் தோட்டத்திலேயே போட்டு வைத்தால் பூச்சிக்கு இடம் கொடுத்ததாகும்.

பிறகு செடியைச் சுற்றிக் கொத்தி, செடிக்கு 10 கிலோ மக்கிய தொழுஉரத்துடன் யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், பொட்டாஷ் 100 கிராம் கலந்து இட்டு, மண் அணைத்து நீர் பாய்ச்ச வேண்டும். இதே ரசாயன உர அளவை ஜூன்-ஜூலையில் இரண்டாம் தவணையாக இட வேண்டும். நடும்போதே செடிக்குச் செடி, வரிசைக்கு வரிசை 1.25 மீட்டர் இடைவெளி விட்டிருந்தால் ஏக்கருக்குச் சுமார் 2,560 செடிகள் நிற்கும். வெயிலும் காற்றும் உள்ளே புகும்.

தண்ணீர் தேங்கும் நிலம் மல்லிகைக்கு ஆகாது; வேர் அழுகிவிடும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த மண்ணில் இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச் சத்துக் குறைவு. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, நிறம் திரும்பும் வரை மாதம் ஒருமுறை தெளிக்கலாம். நோய் என்று எண்ணி மருந்துக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

மொட்டுகள் துளைபட்டு ஊதா நிறமாக மாறினால் மொட்டுப் புழு வந்துவிட்டது. தாக்கப்பட்ட மொட்டுகளைப் பறித்து அழித்து, 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு வீதம் சாறு எடுத்து மாலையில் தெளிப்பது நல்லது. பூவைத் தலையில் சூடுகிறார்கள் என்பதால் கடும் நஞ்சுகளைத் தவிர்க்க வேண்டும்.

பூ எடுப்பதும் கவனத்துக்குரியது. நன்கு முதிர்ந்து, ஆனால் விரியாத மொட்டுகளை விடியற்காலையில் பறித்தால்தான் மாட்டுத்தாவணி சந்தையில் தரத்துக்குரிய விலை கிடைக்கும். வெயில் ஏறியபின் பறித்த மொட்டு விரைவில் வாடும்.

கார்த்திகையில் கத்தரி எடுக்கத் தயங்காத விவசாயியின் தோட்டத்தில், பங்குனியில் பூ எடுக்க ஆள் போதாது.